கல்வியை அளக்கும் கோல்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர்களுள் செஞ்சி பழமை வாய்ந்தது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்வோர் தொலைவிலேயே இவ்வூர்க் கோட்டையைக் காண்பர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை நெடிய மதில்கள் இணைக்கின்றன. அரசர் பலருடைய ஆட்சியைக் கண்ட இக்கோட்டையை, 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. கோட்டையினுள் கல்யாண மகால், குளங்கள், கோயில்கள் ஆகியவற்றோடு பெரிய களஞ்சியங்களும் இருக்கின்றன. 1690ஆம் ஆண்டு முதல் 1698ஆம் ஆண்டு வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அத்தகைய காலத்தில், களஞ்சியத்தில் நெல் எவ்வளவு உண்டு என்பதை அறியாத தலைவன் கோட்டையைக் காத்தல் இயலாது. இருப்பை உள்ளவாறு அறிதலே காவலின் முதற்படியாகும்.

செஞ்சியில் இன்றும் நெல்லை அளக்கும் பணி ஓய்வதில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் தம் விளைவை இவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு வருகின்றனர். நெல் வணிகத்தில் பழகியவர் ஒரு மூட்டையை முழுவதும் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியை மூட்டைக்குள் செருகி, அதன் குழிவில் வரும் சில மணிகளைக் கையில் ஏந்திப் பார்ப்பர். மணியின் முற்றலும், ஈரமும், பதரும் அதனால் விளங்கிவிடும். நெல்லைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம், பல்லால் கடித்தும் பார்க்கலாம். ஆயின், தொடக்கப் பள்ளியில் பயிலும் ஒரு சிறுவனுடைய உள்ளத்தில் எவ்வளவு கல்வி சேர்ந்துள்ளது என்பதை எவ்வாறு அறிவது? அதனை அளக்கும் கோல் எது? அக்கோலை எவ்வாறு பயன்படுத்துதல் வேண்டும்? இவ்வினாக்கள் மிகப் பழமையானவை. இன்றும் அறிஞர் ஆராய்ந்து வருபவை.

அளவு என்பது யாவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். இதனைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். பழங்கோயில்கள் பலவற்றின் கற்சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளம் குறிகளால் வெட்டப்பட்டிருக்கின்றது. ஒருவன் தன் விருப்பம் போலக் கோலைக் குறைக்கவோ நீட்டவோ இயலாதபடி, ஊரார் அனைவரும் காணும் இடத்தில் அந்த அளவு நிலைபெற்றது. வரி வாங்குவோனுக்கும் வரி கொடுப்போனுக்கும் கோல் ஒன்றே. பள்ளிகளில் நடைபெறும் தரப்படுத்தப்பட்ட தேர்வும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஓர் ஊரின் பிள்ளைக்கும் மற்றோர் ஊரின் பிள்ளைக்கும் ஒரே வகையான வினாக்கள், ஒரே கால அளவு, ஒரே வகையான விளக்கம், ஒரே வகையான மதிப்பீடு ஆகியவற்றை அமைப்பதே தரப்படுத்துதல் எனப்படும்.

முற்காலத்தில் இத்தகைய பொது அளவு பள்ளிகளில் இல்லை. செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடைபெற்றன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் இருத்தினர். முதிர்ந்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லி வைப்பான். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தம்முன் நிறுத்திப் பாடம் கேட்பார். கற்றவன் அடுத்த சுவடிக்குச் செல்வான். கல்லாதவன் அதே சுவடியை மீண்டும் ஓதுவான். ஆசிரியரின் செவியே அங்கு அளவுகோலாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் அவருக்குத் தெரியும் என்பது அம்முறையின் சிறப்பு. ஒரு பள்ளியின் நிலையை மற்றொரு பள்ளியின் நிலையோடு ஒப்பிட வழியில்லை என்பது அதன் குறை.

சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கரையும் கணக்கெடுக்குமாறு பணித்தார். செஞ்சி அப்போது தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்ட ஆட்சியர் பலரும் அனுப்பிய கணக்குகளைத் தொகுத்து, 1826ஆம் ஆண்டில் மன்றோ தம் குறிப்பினை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் உள்ளன என்றும், ஏறத்தாழ 1,000 மக்களுக்கு ஒரு பள்ளி உண்டு என்றும் அதில் குறிப்பிட்டார். இஃது அரிய கணக்கு என்பதில் ஐயமில்லை. எனினும், பள்ளிகளின் எண்ணிக்கை வேறு; அப்பள்ளிகளில் பிள்ளைகள் அடைந்த கல்வி வேறு. களஞ்சியங்களை எண்ணிய அளவில், அவற்றுள் இருக்கும் நெல்லை அளந்ததாக ஆகாது.

அடைந்த கல்வியை அளக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பார் ஒரு புதிய விதியைக் கொணர்ந்தார். கல்வி ஆய்வாளர் ஆண்டுதோறும் பள்ளிக்குச் சென்று, படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் தேர்வு செய்வார். தேறிய பிள்ளைகளுக்கு ஏற்பப் பள்ளிக்கு உதவிப் பணம் கிடைக்கும்; தேறாத பிள்ளைகளுக்கு ஏற்ப அப்பணம் குறையும். இதனைத் ‘தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்’ எனலாம். அரசின் பணம் வீணாகாது, ஆசிரியரும் சோம்பியிரார் என்பது லோவின் எண்ணம். சென்னை மாகாணத்திலும் அந்நூற்றாண்டிலேயே இம்முறை புகுந்தது.

நோக்கம் நன்றாயினும் விளைவு நன்றாக அமையவில்லை. பள்ளியின் வருவாயும் ஆசிரியரின் ஊதியமும் தேர்வைச் சார்ந்தமையால், தேர்வில் கேட்கப்படுவன மட்டுமே பாடமாயின. பிள்ளைகள் வாசகப் புத்தகம் முழுவதையும் பொருள் அறியாது மனப்பாடம் செய்தனர். ஆய்வாளர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்தைப் பாராமலே ஒப்பித்தனர். கதை, பாட்டு, இயற்கையை நோக்கல், கைத்தொழில் ஆகியன பள்ளியினின்றும் விலகின. புகழ்பெற்ற கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கற்பித்தலை உயிரற்ற இயந்திரமாக்குகின்றது என்று கண்டித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அரசும் இதனைக் கைவிட்டன. அளவுகோலோடு பரிசையும் தண்டனையையும் இறுகப் பிணைத்தால், மக்கள் விளைச்சலைப் பெருக்க முயலாது அளவையே பெருக்க முயல்வர் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

இதற்கு மாறான நோக்கத்தோடு அமைந்த அளவு ஒன்றும் உண்டு. 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு உளவியல் அறிஞராகிய ஆல்பிரட் பினே என்பார், சிமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து சிறுவர்க்கான தேர்வு ஒன்றை அமைத்தார். பாரிஸ் நகரப் பள்ளிகளில் பாடங்களைப் பின்பற்ற இயலாது இடர்ப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிப் பயிற்சி அளித்தலே அதன் நோக்கம். தேர்வில் குறைந்த இடத்தைப் பெற்ற பிள்ளை என்றும் அவ்விடத்திலேயே நிற்பான் என்று பினே கருதவில்லை; தக்க பயிற்சியால் உயர்வான் என்றே நம்பினார். பிற்காலத்தில் வேறு சிலர் அவர் அமைத்த கருவியை மக்களைத் தரம் பிரித்து ஒதுக்குவதற்குப் பயன்படுத்தினர். கருவி ஒன்றே, பயன்படுத்தியோர் கருத்து வேறு.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு வருதலே முதற் கடமையாக இருந்தது. முதலமைச்சர் காமராசர் காலத்தில் சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளிகள் பெருகின. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, 1956ஆம் ஆண்டில் பகலுணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில் முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. இவற்றால், முன்னர்ப் பள்ளியின் வாயிலைக் காணாத குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பறையில் அமர்ந்தனர். அதன் பின்னரே, ‘பள்ளிக்கு வந்த பிள்ளை யாது கற்றது?’ என்னும் அடுத்த வினா வலிமை பெற்றது.

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு நாடு முழுவதும் இருவகை ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஒன்று, அரசு நடத்தும் அடைவு ஆய்வு. குறிப்பிட்ட சில பள்ளிகளையும், அவற்றுள் குறிப்பிட்ட சில பிள்ளைகளையும் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில் தேர்வு நடத்துவர். 2021ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வில், 3, 5, 8, 10ஆம் வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34 இலட்சம் மாணாக்கர் 22 மொழிகளில் தேர்வு எழுதினர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு ‘பரக்’ என்னும் பெயரால் இவ்வாய்வு மீண்டும் நடைபெற்றது. மற்றொன்று, ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2005ஆம் ஆண்டு முதல் ஊர்ப்புறங்களில் நடைபெறும் ‘ஏசர்’ ஆய்வு. இதில் ஆய்வாளர் பள்ளிக்குச் செல்லாது பிள்ளையின் வீட்டிற்கே சென்று, எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்வர். பள்ளிக்கு வாராத பிள்ளையையும் இவ்வாய்வு காண்கின்றது.

எல்லாப் பிள்ளைகளையும் தேர்வு செய்யாது, சிலரைக் கொண்டே ஒரு மாவட்டத்தின் நிலையை அறிவது எங்ஙனம் என்று சிலர் ஐயுறலாம். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியே அதற்கு விடையாகும். ஆயினும் அப்பழமொழிக்குள் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. பானையில் அடியும் மேலும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு போதும். நேர்மையான வணிகர் குத்தூசியை மூட்டையின் மேற்புறத்தில் மட்டும் செருகுவதில்லை. நடுவிலும் அடியிலும் செருகிப் பார்ப்பர். அவ்வாறே, பேரூரின் பெரிய பள்ளியும் குன்றடியில் உள்ள சிறிய பள்ளியும், அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் தக்க அளவில் இடம்பெற்றால்தான் ஆய்வின் முடிவு உண்மையாகும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை எவருடைய விருப்பத்திற்கும் விடாது, குலுக்கல் போன்ற முறையால் முடிவு செய்தலும் வேண்டும்.

தேர்வு நாளில் வாராத பிள்ளையைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுதற்கும் பருவந்தோறும் வெளியூர் செல்லும் ஏழைக் குடும்பங்கள் பல மாவட்டங்களில் உண்டு. பெற்றோரோடு சென்ற பிள்ளை தேர்வு நாளில் பள்ளியில் இராது. அப்பிள்ளையின் மதிப்பெண் கணக்கில் சேராமையால், பள்ளியின் சராசரி உயர்ந்து காணப்படலாம். உதவி மிகுதியாக வேண்டப்படும் பிள்ளையே அளவுகோலின் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. ஆதலின், தேர்வின் முடிவைப் படிப்போர், எழுதியவர் எத்தனை பேர் என்பதோடு, எழுதாதவர் எத்தனை பேர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

வினாக்களை ஆக்குதலும் எளிய செயலன்று. நல்ல தேர்வில் ஒவ்வொரு வினாவையும் முன்னதாகவே பிள்ளைகள் சிலரிடம் கேட்டுச் சோதிப்பர். எல்லாரும் விடை கூறும் வினாவும், ஒருவரும் விடை கூறாத வினாவும் அளத்தற்குப் பெரிதும் பயன்படா. நன்கு கற்றவர் விடை கூறவும், கல்லாதவர் தடுமாறவும் செய்யும் வினாக்களே பயனுடையன. அன்றியும், வினா எதனை அளக்க வந்ததோ அதனையே அளத்தல் வேண்டும். நகரும் படிக்கட்டைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்குமாறு செஞ்சிப் பக்கத்துச் சிறுமியிடம் கொடுத்தால், கோட்டையின் கற்படிகளையே அறிந்த அவள் பொருள் விளங்காது திகைக்கலாம். ஏரி மதகைப் பற்றிய பத்தியைச் சென்னைச் சிறுவனிடம் கொடுத்தால், அவனும் அவ்வாறே திகைக்கலாம். இருவருக்கும் படிக்கத் தெரியும். பழகாத பொருள் குறுக்கே நின்றது. அத்தகைய வினா படிப்பை அளக்காது, பிள்ளை பிறந்த ஊரையே அளந்துவிடும்.

நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஒரு தேர்வில் 40 வினாக்கள் உள்ளன என்று கொள்வோம். ஒன்றையும் படியாது, கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும், பொதுவாக 10 வினாக்களுக்குச் சரியான விடை அமையக்கூடும். ஆகவே அத்தேர்வில் 10 மதிப்பெண் பெற்ற பிள்ளை கால் பங்கு கற்றது என்று முடிவு செய்தல் பிழையாகும். மேலும், இத்தகைய தேர்வு பிள்ளையின் கையெழுத்தைக் காணாது. சொந்த நடையில் நான்கு வரி எழுதும் ஆற்றலையும் அறியாது. கூச்சத்தை வென்று அவை முன் பேசிய துணிவும், இடர்ப்பட்ட தோழனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அன்பும் அதற்குப் புலப்படா.

சராசரி என்னும் எண்ணும் பல உண்மைகளை மறைக்க வல்லது. ஒரு வகுப்பில் 8 பிள்ளைகள் இருக்கின்றனர்; ஒவ்வொருவரும் 60 மதிப்பெண் பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு வகுப்பிலும் 8 பிள்ளைகள் உள்ளனர். நால்வர் 90 மதிப்பெண்ணும், நால்வர் 30 மதிப்பெண்ணும் பெறுகின்றனர். இரு வகுப்புகளுக்கும் சராசரி 60 ஆகும். எனினும் முதல் வகுப்பில் அனைவரும் ஒருங்கே முன்னேறுகின்றனர். இரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் பின்தங்கியுள்ளனர். அன்றியும், இத்தகைய சிறு பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், ஒரு புதிய பிள்ளை வந்து சேர்ந்தாலும் சராசரி பெரிதும் மாறிவிடும். ஆதலால், ஓராண்டின் எண்ணைக் கொண்டு ஒரு சிறு பள்ளியைப் புகழ்தலும் இகழ்தலும் அறிவுடைமை ஆகா.

தேர்வின் எண்ணைக் காலத்தின் சூழலோடு சேர்த்தே படித்தல் வேண்டும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்றாகும். கொரோனா என்னும் கொடுநோய் பரவியமையால், 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டன. மேற்கூறிய தேசிய அடைவு ஆய்வு அதே திங்கள் 12ஆம் நாள் நடைபெற்றது. அன்று மூன்றாம் வகுப்பில் அமர்ந்து தேர்வெழுதிய பிள்ளை, முதல் வகுப்பை முடிக்கும் முன்னரே பள்ளியைப் பிரிந்தது. இரண்டாம் வகுப்பைப் பள்ளியில் காணவேயில்லை. கைப்பேசியும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் சில பாடங்கள் தொடர்ந்தன. அவை இல்லாத குடிசையில் பாடம் முற்றிலும் நின்றது. அத்தேர்வின் மதிப்பெண், பிள்ளையின் அறிவை மட்டுமன்றி, பள்ளி மூடியிருந்த பத்தொன்பது திங்களையும் அளந்தது எனலாம்.

அவ்விழப்பின் அளவை ஏசர் ஆய்வும் காட்டியது. இந்திய நாட்டின் ஊர்ப்புறங்களில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லோர் 2018ஆம் ஆண்டில் 27.3 விழுக்காட்டினர், 2022ஆம் ஆண்டில் அது 20.5 விழுக்காடாகக் குறைந்தது. 2024ஆம் ஆண்டில் 27.1 விழுக்காடாக மீண்டும் உயர்ந்தது. இழந்ததை மீட்க இயலும் என்னும் நம்பிக்கையை இவ்வெண்கள் அளிக்கின்றன. அதே நேரத்தில், நன்றாக இருந்த காலத்திலும் நால்வரில் ஒருவர் அளவே தம் வகுப்புக்கு முந்திய வகுப்பின் பாடத்தைப் படித்தனர் என்னும் கசப்பான உண்மையையும் இவை உரைக்கின்றன. அளவுகோல் இல்லாதிருந்தால், இவ்வுண்மை வருகைப் பதிவேட்டின் நிறைந்த பக்கங்களுக்குள் மறைந்தே கிடந்திருக்கும்.

இழப்பை அறிந்த பின்னர்ச் செய்ய வேண்டுவது யாது? விழுப்புரம் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு விடை தொடங்கியது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம் என்னும் ஊரில், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். படித்த இளைஞரும் பெண்டிரும் தன்னார்வலராக முன்வந்து, மாலை வேளையில் தம் தெருவிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, ஆடலோடும் பாடலோடும் எழுத்தையும் எண்ணையும் கற்பித்தனர். திண்ணையில் அன்று அமர்ந்த கல்வி, புதிய வடிவில் மீண்டும் தெருவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு சூன் 13ஆம் நாள் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் இயக்கம் தொடங்கியது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் சிறு தேர்வால் அறிந்தனர். அதன்பின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் பயிற்சி அளித்தனர். ஒரே வகுப்பில் அமர்ந்தாலும், அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி அவரவர்க்குக் கிடைத்தது. இங்குத் தேர்வு பிள்ளையை வெளியே நிறுத்தும் கதவாக அமையவில்லை. எங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று ஆசிரியருக்கு வழி கூறியது. மேலும், இன்று அரும்பாக இருப்பது நாளை மொட்டாகும், பின்னர் மலராகும். தாழ்ந்த நிலையிலுள்ள பிள்ளையைத் ‘தேறாதவன்’ என்று கூறும் பழைய சொல்லுக்கும் இச்சொற்களுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

தேர்வு எதற்காக என்னும் வினா, தமிழ்நாட்டில் மற்றொரு வகையிலும் எழுந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு இடமளித்தது. அதனையொட்டி, அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடைபெறும் என்று அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசு ஆணையிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இத்தகைய தேர்வு அச்சத்தைத் தரும் என்றும், ஏழைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுவர் என்றும் பெற்றோரும் ஆசிரியரும் அறிஞரும் எடுத்துரைத்தனர். கற்றலில் பொறுப்பு உண்டாதற்குத் தேர்வு வேண்டும் என்று கூறியோரும் இருந்தனர். இறுதியில், 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அரசு அவ்வாணையைத் திரும்பப் பெற்றது.

இரு சாரார் கருத்திலும் உண்மை உண்டு. கற்றலை அளவாது விட்டால், படிக்கத் தெரியாமலே ஒரு பிள்ளை வகுப்பு வகுப்பாக ஏறிச் செல்லும். ஒருவரும் அதனை அறியார். அளவின் முடிவைக் கொண்டு பிள்ளையை நிறுத்தினால், கற்பிக்கத் தவறிய குறையைக் கற்க வந்த பிள்ளையே சுமக்கும். ஆகையால், அடைவு ஆய்வு வேறு, தேர்ச்சி முடிவு செய்யும் தேர்வு வேறு என்பதை மக்கள் தெளிதல் வேண்டும். அடைவு ஆய்வில் வினா கேட்கப்படுவது பிள்ளையிடம். விடை கூறும் கடமை பள்ளிக்கும் அரசுக்கும் சமூகத்திற்கும் உரியது. ஆசிரியர் போதுமா, நூலகம் உண்டா, காலையில் பிள்ளை உண்டு வந்ததா, வீட்டில் படித்துக் காட்டுவார் உளரா என்பனவெல்லாம் அந்த விடைத்தாளில் மறைந்து நிற்கும் வினாக்களாகும். 2022ஆம் ஆண்டு முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு அளிக்கப்படுவதும் அவ்வினாக்களுள் ஒன்றுக்குக் கூறிய விடையே.

ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளிக்கு அடைவு ஆய்வின் முடிவு வந்து சேர்ந்தால், அதனை எவ்வாறு படிப்பது? முதலில், எந்தப் பகுதியில் பிள்ளைகள் இடர்ப்பட்டனர் என்று ஆசிரியர் நோக்குதல் வேண்டும். கழித்தலில் பலர் தவறினால், கடன் வாங்கிக் கழிக்கும் முறையைக் கல்லையும் குச்சியையும் கொண்டு மீண்டும் கற்பிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படித்தும் பொருள் உணராதார் மிகுந்தால், நாள்தோறும் ஒரு சிறு கதையைப் படித்து உரையாடச் செய்யலாம். பெற்றோர் தம் பிள்ளையின் எண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாது, சென்ற ஆண்டில் அப்பிள்ளை இருந்த நிலையோடு ஒப்பிடுதல் நன்று. அதிகாரிகளோ, பின்தங்கிய பள்ளிக்குக் கடுஞ்சொல்லை அனுப்பாது, ஆசிரியரையும் புத்தகங்களையும் அனுப்புதல் வேண்டும்.

அளத்தலுக்கும் ஓர் அளவு உண்டு. விதை முளைத்ததா என்று நாள்தோறும் மண்ணைத் தோண்டிப் பார்க்கும் உழவன் பயிரைக் காணமாட்டான். வாரந்தோறும் தேர்வு, திங்கள்தோறும் தேர்வு, அவற்றின் மதிப்பெண்ணைப் பதிவு செய்யும் பணி என்று ஆசிரியரின் காலம் கழியுமாயின், கற்பித்தற்குக் காலம் எஞ்சாது. குத்தூசி நெல்லின் தரத்தைக் காட்டும், நெல்லை விளைவிக்காது. விளைவிப்பன நீரும், எருவும், உழவரின் கையுமே. பள்ளியிலும் கல்வியை விளைவிப்பது ஆசிரியரின் பொறுமையும், பிள்ளையின் முயற்சியும், ஊராரின் ஆதரவும் ஆகும்.

செஞ்சிக் கோட்டையின் மதில்களைக் காத்தற்கு அரசும் அறிஞரும் முயல்கின்றனர், அது வேண்டற்பாலதே. அக்கோட்டையின் நிழலில் உள்ள பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறார், அம்மதிலினும் அரிய செல்வமாவர். அவர்களுள் ஒருவர் நிலையும் அறியப்படாது போகாதிருக்கத் தேர்வு என்னும் அளவுகோல் துணை செய்யும். அறிந்த பின்னர் அவரைக் கைவிடாது உயர்த்துதலே அளந்தவரின் கடமை. குறையைக் கண்ட இடத்தில் கைகொடுத்தலே கல்வியை அளப்பதன் பயனாகும்.